பதினோரு செல்லாயி

குடி என் தங்கமே, மெதுவாகக் குடி. நீ குடித்து முடிக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம். நீ வாயை எடுத்துவிட்டால் நான் எழுந்தாக வேண்டும், எழுந்து ஒன்று முன்னால் போய் வாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வெங்காயம் அள்ளுகிற பிளாஸ்டிக் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி எனக்கென்று ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பால் கொடுக்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், கம்பெனி என்றால் இது கம்பெனி. பெட்டி ஓட்டைகள் வழியாக வெயில் புகுந்து இவள் கன்னத்தில் கட்டம் கட்டமாக விழுகிறது, இவள் சப்பும்போது அந்தக் கட்டங்களும் சேர்ந்து அசைகின்றன. அந்தப் பக்கம் கொட்டகை நிறையப் பேச்சு. மைக்கை யாரோ தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். இன்றைக்கு எங்கள் ஆனைக்கரடு சின்ன வெங்காய உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். நான் அதில் பத்துப் பங்கு வைத்திருக்கிற உறுப்பினர், கூடவே ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளும் நான்தான், இந்த ரெண்டும் ஒரே உடம்பில் இருப்பதுதான் இன்றைக்கு வந்த தொந்தரவு. கால் மணி நேரம் முன்னால் இன்பராஜ் சார் என்னைத் தராசுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். அவர்தான் எங்கள் சி.இ.ஓ., விவசாயக் காலேஜில் படித்தவர், நல்ல மனுஷர், இஸ்திரி போட்ட சட்டையோடு மூட்டைக்குத் தோள் கொடுப்பார். "தமயந்தி, நீ ஒண்ணும் பேசாதம்மா. முப்பத்தியோரு பேருக்கு நோட்டீஸ் போகல, சரி. வேணும்னா செஞ்சோம்? தெரியாம விட்டுப்போனா கூட்டம் செல்லும்னு சட்டத்துலயே இருக்கு. நீ எந்திரிச்சு சொன்னா உம்பேருதான் கெடும். அப்புறம் போர்டுல உனக்காக நான் என்னன்னு பேசுறது?" சொல்லிவிட்டு இவள் உள்ளங்காலை விரலால் சுரண்டினார். இவள் சிரித்தாள். இவளுக்கென்ன, எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள்.

தெரியாமல் விட்டுப்போனது. ஆமாம், தெரியாமல்தான். எட்டு மணி வரைக்கும் தெரியாது. காலையில் நான் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம், வாசலில் நின்று சத்தம் போட்டாள். ஊரில் அவளுக்கு டைலர் செல்லாயி என்று பேர். "ஏண்டி கம்பெனிக்காரி, ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புற, ஒரு சுவரு தள்ளி இருக்கிறவளுக்கு அனுப்ப மாட்டியா? இல்ல, எம்பங்கையும் சேத்து நீயே தின்னுட்டியா?" நானும் விடவில்லை, "தின்னா செரிக்கவா போகுது உங்க பங்கு" என்று சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன், அனுப்பியிருக்கிறது பாருங்கள் அக்கா என்று காட்டத்தான் திறந்தேன். உறுப்பினர் பதிவேட்டில் செ. செல்லாயி என்று தேடினேன். ஒரே ஒரு செ. செல்லாயி வந்தாள். முகவரி பார்த்தால் ஊசிச் செல்லாயியுடையது, ஒல்லியாக இருப்பாளே, கிழக்குத் தெரு, அவள். மற்றவர்கள் எங்கே? மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். மொத்த உறுப்பினர் நூற்றி எண்பத்து மூன்று என்று காட்டியது. நாங்கள் இருநூற்றிப் பதினான்கு பேர், இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இட்லித் துணி கையிலேயே இருந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "என்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. எட்டு அடித்து ரெண்டு நிமிஷம்.

இந்த ஊரில் பதினோரு செல்லாயி. குலதெய்வம் செல்லியம்மன், அதனால் பெண் பிறந்தால் முதல் பெண் செல்லாயி, ஆண் பிறந்தால் முதல் பையன் செல்லமுத்து, அந்தச் செல்லமுத்து ஒரு செல்லாயியைக் கட்டினால் அவள் செ. செல்லாயி, கட்டிக்கொடுத்துக் கட்டிக்கொடுத்து பதினோரு செ. செல்லாயி. யாருக்கும் குழப்பமே வந்ததில்லை. மேட்டுவீட்டுச் செல்லாயி, கிணத்தடிச் செல்லாயி, டைலர் செல்லாயி, ஊசிச் செல்லாயி, டீக்கடைச் செல்லாயி, பொட்டுக்காரிச் செல்லாயி, கூப்பிட்டால் சரியான ஆள் திரும்பும். செல்லாயி மட்டுமா, இதே மாதிரி பெரியக்கா இருக்கிறார்கள், அழகம்மா இருக்கிறார்கள், ஏழு பேருக்குள் முப்பத்தெட்டுப் பேரை நான் அடைத்துவிட்டேன், மீதி முப்பத்தியோரு பேரைக் காணோம். நான்தான். போன மாசம் பதிவேட்டு மென்பொருளில் நான் எழுதிய ஒரு வரி. சிலர் ரெண்டு தடவை பதிந்து ஒரே ஆள் ரெண்டாகத் தெரிகிறார்கள் என்று சார் குறைப்பட்டார், அதற்காக எழுதினேன்: பேர், இனிஷியல், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள், சேர்த்துவிடு. எழுதி முடித்ததும் எவ்வளவு சந்தோஷம் எனக்கு, இவளைத் தூக்கிச் சுற்றினேன். ஏனென்றால் எழுதலாம் என்பதே எனக்குப் பெரிய அதிசயம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கம்ப்யூட்டர் குரூப்தான், ஆனால் இருந்த மூன்று கம்ப்யூட்டருக்கும் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருப்பார்கள், இன்ஸ்பெக்‌ஷன் வரும் அன்றைக்கு மட்டும் துணியை எடுப்பார்கள், தொட்டால் அடி. இங்கே வந்து, இந்த ஆபீசில் உட்கார்ந்து, இந்த மென்பொருளில் ஒரு மூலையை அழுத்தினால் உள்ளே இருப்பது எல்லாம் வரி வரியாக வந்து நின்றது, நான் சட்டென்று மூடிவிட்டேன், யாராவது திட்டுவார்கள் என்று. யாரும் திட்டவில்லை. இது கட்டற்ற மென்பொருள், யாரும் திறந்து பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மாற்றினதைக் கொடுக்கலாம் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். அதை எந்தப் புண்ணியவான் தமிழில் எழுதினானோ, அவனும் சம்பளம் வாங்கியிருக்க மாட்டான். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ மலை நாட்டில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் தங்கள் சங்கத்துக்காகச் செய்தது, அதை எங்கள் வெங்காயத்துக்கும் எடுத்துக்கொள் என்று வாசலில் வைத்துவிட்டுப் போன மாதிரி. வைத்துவிட்டுப் போகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

என் வரியை நான் அவர்களுக்கும் அனுப்பினேன். அங்கே மாரிசோல் என்று ஒருத்தி, வருகிறதையெல்லாம் படித்துப் பார்த்து, சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்கிற வேலை அவளுக்கு. முகம் பார்த்ததில்லை. அவள் அவள் பாஷையில் எழுதுவாள், போன் அதைத் தமிழாக்கும், கொஞ்சம் கோணலாக வரும், ஆனால் மனசு புரியும். அவள் ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் ஊரில் ஒரே பேர் வைத்தவர்கள் அதிகமா? நான் யோசிக்கவே இல்லை. இல்லை என்று அடித்துவிட்டு, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டேன். ஏனென்றால் ஊர் என்றதும் எனக்கு வந்தது கொள்ளிடக் கரையில் இருக்கிற எங்கள் ஊர், அம்மா வீடு. அங்கே ஒரே பேரில் ரெண்டு பேர் கிடையாது. ஒண்ணாம் வகுப்பு டீச்சர் விடமாட்டார், ஒரே பேரில் ரெண்டு பிள்ளை வந்தால் பின்னால் வந்த பிள்ளைக்கு வேறு பேர் எழுதிவிடுவார், வீட்டில் வைத்த காமாட்சி என்ற பேரோடு போன நான் தமயந்தியாகத் திரும்பி வந்தது அப்படித்தான். கல்யாணமாகி மூன்று வருஷம், இந்த ஊர்க் காற்றைத்தான் குடிக்கிறேன், இந்த ஊர்ப் பிள்ளையைத்தான் பெற்றிருக்கிறேன், இந்த ஊர்க் கம்பெனியில்தான் பங்கு, ஆனால் உன் ஊர் என்று ஒருத்தி கேட்டதும் என் விரல் பிறந்த ஊருக்கு ஓடிவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாருக்கும் விரல் அப்படித்தான் ஓடும். ஆனால் எல்லாருடைய விரலும் முப்பத்தியோரு பேரை அழிக்காது. மெதுவாகடி, மூச்சு விட்டுக் குடி. இருமிக்கொண்டே குடிக்கிறாய், உன் அப்பா சாப்பிடுகிற மாதிரி.

இவள் அப்பா காலையில் என்ன சொன்னார்? "பாத்துச் சொல்லு" என்றார், அவ்வளவுதான், அவர் பேசுவது அவ்வளவுதான். சொல்லு என்றாரா, பார்த்து என்றாரா, எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது? பார்த்து என்றால் வேலை. பார்த்து என்றால் இந்த நாற்காலி, மேலே சுற்றுகிற ஃபேன், மேஜைக்கடியில் இவளுக்குத் தொட்டில் கட்டிக்கொள்ள விட்ட கம்பெனி. இப்படி ஒரு வேலை இந்த அடிவாரத்தில் இன்னொன்று கிடையாது, களை வெட்டப் போகலாம், போயிருக்கிறேன், முதுகு அதை மறக்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தீர்மானம் ஜெயிக்கும். இந்தக் கொட்டகையை ஒன்பது வருஷத்துக்கு ஒரு வியாபாரியிடம் குத்தகைக்கு விடுகிற தீர்மானம். அவர் சுவர் எழுப்பி, பூட்டு போட்டு, தன் சரக்கை அடுக்குவார். சொந்தக் காட்டில் பட்டறை போட்டு வெங்காயத்தைக் காக்க இடமிருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. இந்தச் செல்லாயிகளும் பெரியக்காக்களும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்காரிகள், அவர்களுக்கு இந்தக் கொட்டகைதான் பட்டறை. மூங்கில் தப்பைக்கு நடுவே விரல் போகிற அளவு இடைவெளி விட்டுக் கட்டியது, ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் போகும், வெங்காயத்தை மூடிய அறையில் வைத்தால் ஒரு வாரத்தில் தண்ணீர் விடும். தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கக்கூடியவர்கள் அவர்கள். அவர்களைத்தான் என் ஒரு வரி ஏழு பேராகச் சுருக்கியது. சார் சதி செய்தாரா? இல்லை, சத்தியமாக இல்லை, நோட்டீஸ் அச்சடித்து அனுப்பியது நான், பட்டியல் கொடுத்தது நான், அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். வியாபாரி சதி செய்தாரா? அவருக்குச் செல்லாயி யாரென்றே தெரியாது. யாரும் கெட்டவர் இல்லாமலே முப்பத்தியோரு பேர் காணாமல் போக முடிகிறது.

ஆனால் இந்தக் கம்பெனிச் சட்டம் இருக்கிறதே, அதை முதன்முதலில் சார் படித்து விளக்கிய அன்றைக்கு எனக்குப் புல்லரித்தது. எங்கள் தலைவர் அங்கமுத்து ஐயாவுக்கு ஆயிரம் பங்கு. எனக்குப் பத்து, ஆட்டுக்குட்டி விற்று வாங்கியது, அந்தப் பத்திரத்தை இவள் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன், ரெண்டுமே தொலையக் கூடாதது. ஐயா வரப்பில் வந்தால் நாங்கள் இறங்கி வழி விடுவோம். ஆனால் இந்தக் கொட்டகைக்குள் ஓட்டு என்று வந்தால் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உற்பத்தியாளர் கம்பெனி என்றால் அப்படித்தானாம், ஆளுக்கு ஒரு ஓட்டு, பங்குக்கு இல்லை. நான் ரெண்டு தடவை கேட்டேன், நிஜமாகவா சார், ஆயிரத்துக்கும் ஒன்றுதானா என்று. இன்னொன்று, உறுப்பினர் பதிவேட்டை எந்த உறுப்பினரும் வந்து கேட்டுப் பார்க்கலாம், காட்டாமல் இருக்க முடியாது. திறந்து காட்டு என்று மென்பொருளில் எழுதி வைத்தவர்களும், திறந்து காட்டு என்று சட்டத்தில் எழுதி வைத்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள், ஒருத்தர் உருளைக்கிழங்கு மலையில், ஒருத்தர் டெல்லியில், ரெண்டு பேரும் என்னை மனதில் வைத்தா எழுதினார்கள்? பிளஸ் டூ படித்த, இடுப்பில் பிள்ளையோடு திரிகிற என்னையா? ஆனால் ரெண்டும் என் மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதை நினைத்தால் கோயிலில் தீபாராதனை காட்டும்போது மாதிரி கை கூப்பத் தோன்றுகிறது, சிரிப்பும் வருகிறது.

தெரியாமல் விட்டுப்போனால் கூட்டம் செல்லும். சட்டம் அதையும் யோசித்து வைத்திருக்கிறது பாருங்கள், மனுஷன் மறப்பான், தபால் தொலையும், பரவாயில்லை என்று. பெரிய மனசு. எட்டு மணி வரைக்கும் அந்தப் பெரிய மனசு எனக்கு உண்டு. எட்டு ரெண்டுக்குப் பிறகு? இப்போது மணி பதினொன்றரை இருக்கும். எட்டு ரெண்டிலிருந்து பதினொன்றரை வரைக்கும் இது யாருடைய மறதி? சாரிடம் சொன்ன பத்தரை மணி வரைக்கும் என்னுடையது, அதற்கப்புறம் எங்கள் ரெண்டு பேருடையது. இன்னும் ஒரு நிமிஷம் நான் உட்கார்ந்தால் அது மறதியே இல்லை, பேர் மாறிவிடும். இங்கேதான் எனக்கு மறுபடி மறுபடி சிக்குகிறது, கழற்றிக் கழற்றிப் பார்க்கிறேன், இங்கேயேதான் வந்து நிற்கிறது. எட்டே முக்காலுக்கு மாரிசோலுக்கு எழுதினேன்: நான் சொன்ன பதில் தப்பு, என் ஊரில் பதினோரு செல்லாயி இருக்கிறார்கள், என் வரி அவர்களை விழுங்கிவிட்டது. அவளுக்கு அது படுக்கிற நேரமாம். திட்டுவாள் என்று நினைத்தேன், இன்னும் எத்தனை நாட்டில் எத்தனை பேரை விழுங்கியதோ. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: என் ஊரில் ஒன்பது மரியா, என் சொந்தத் தங்கை ஒரு மரியா, நான்தான் இன்னும் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும், உன் வரியை எடுத்துவிட்டேன், எழுதியதற்கும் உன் பேர் இருக்கும், திருத்தியதற்கும் உன் பேர் இருக்கும். அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். இருந்தது. என்றைக்கு எழுதினேன், எந்த நிமிஷம், யார் சேர்த்தது, யார் எடுத்தது, எல்லாம். அதில் எதையும் யாரும் அழிக்க மாட்டார்களாம், தப்பைக் கூட. உலகம் பூராவும் பார்க்கிற சுவரில் தமயந்தி தப்பு செய்தாள் என்று எழுதியிருக்கிறது, அதற்குக் கீழேயே தமயந்தி சொன்னாள் என்றும் எழுதியிருக்கிறது. வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணாடியில் புதுப் புடவையைப் பார்க்கிற மாதிரி. பிறகு நம் பதிவேட்டில் பழையபடி ஆக்கு என்பதை அழுத்தினேன். நூற்றி எண்பத்து மூன்று இருநூற்றிப் பதினான்கு ஆனது. பதினோரு செல்லாயியும் வரிசையாக வந்து நின்றார்கள், ஒருத்தி கூடத் தொலையவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறார்கள், கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள். அப்போதே அக்காவை அனுப்பினேன், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. பாதிப் பேர் எங்கெங்கோ அறுவடையில், யாரைப் பிடித்தாளோ. மேஜையில் கையெழுத்துக்கு வைத்திருப்பது மட்டும் போன வாரம் அச்சடித்த பட்டியல்.

என்னடி, கண் சொக்குதா? இரு, தூங்காதே, இன்னும் கொஞ்சம் குடி, அம்மா இன்னும் முடிக்கவில்லை. மைக் சரியாகிவிட்டது, ஐயா தொண்டையைக் கனைக்கிறார். வாசல் பக்கம் என்ன சத்தம்? "செ. செல்லாயியா? கையெழுத்து ஆயிடுச்சேக்கா." வாசலில் கையெழுத்து வாங்குகிற கணக்கர் பொண்ணு குரல். "யாரு போட்டா?" அது எங்கள் டைலர் அக்கா, அந்தக் குரல் சுவர் தாண்டும், கடல் கூடத் தாண்டும். "அதோ உக்காந்திருக்காங்களே, அவங்க." "அவ ஊசி! நான் டைலரு!" "லிஸ்ட்ல அதெல்லாம் இல்லக்கா. ஒரு செல்லாயிதான் இருக்கு." "ஒரு செல்லாயியா? அடிப்பாவி, பின்னால பாரு, நாலு பேரு நிக்கிறோம். நாங்கல்லாம் என்ன, ஊசி பெத்த பிள்ளைங்களா?" கொட்டகையே சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது, ஏனென்றால் அடுத்த குரல் கிணத்தடிச் செல்லாயியுடையது, அவள் சிரிக்கவில்லை, சின்னக் குரலில் கேட்கிறாள், "அப்ப எங்களுக்கு இதுல பங்கே இல்லையா, பாப்பா?" அவ்வளவுதான். இவள் வாய் தளர்ந்து பால் ஒழுகக் கழன்றுவிட்டது. தூங்கிவிட்டாள். நேரம் முடிந்தது. ரவிக்கைக் கொக்கியை மாட்டினேன், இவளைத் தோளில் சாய்த்தேன், லேப்டாப்பை இடுப்பில் இடுக்கினேன், பெட்டிச் சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வெளிச்சம். எத்தனை முகம்.

கை தூக்க முடியவில்லை, ஒன்றில் பிள்ளை, ஒன்றில் லேப்டாப். நடுவிலேயே நடந்து போனேன். இன்பராஜ் சார் மேடையிலிருந்து தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. "என்னம்மா, கேள்வி நேரம் அப்புறம்தான், உக்காரு" என்றார் அங்கமுத்து ஐயா. "உக்கார முடியாதுங்கய்யா, உக்காந்தா இவ எந்திரிச்சுக்குவா. நின்னுக்கிட்டே சொல்லிர்றேன். நான் ஊழியரா பேசல, உறுப்பினரா பேசுறேன், பத்துப் பங்கு. நம்மள்ல முப்பத்தியோரு பேருக்கு நோட்டீஸ் போகல. அந்த லிஸ்ட்ல அவங்க பேரே இல்ல. அவங்க இல்லாம இந்தத் தீர்மானத்த எடுக்கக் கூடாது." "யாரு விட்டது?" என்றார் ஐயா. வரப்பில் நான் இறங்கி வழிவிடுகிற அதே மனுஷர், அதே குரல். "நான்தாங்க. நான் எழுதுன ஒரு வரி. தேதி, மணி, எம்பேரு எல்லாம் உள்ள இருக்கு, யாரு வேணாலும் தொறந்து பாக்கலாம். தெரியாம விட்டது எட்டு மணி வரைக்கும்தான். அதுக்கப்புறம் தெரியும்." சார் கீழே பார்த்தார், பிறகு மெதுவாக எழுந்து வந்து என் இடுப்பிலிருந்து லேப்டாப்பை வாங்கி மேஜையில் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதை அவர் ஏன் செய்தார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் செய்தார். ஐயா குத்தகைக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கூட்டக் குறிப்பேட்டை இழுத்துப் புதுப் பக்கம் புரட்டி, பேனா மூடியைக் கழற்றினார். "தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு. மொறையா நோட்டீஸ் போகட்டும். நீ பேரப் படி, எழுதிக்கிறேன்." நான் படித்தேன். மேட்டுவீட்டுச் செ. செல்லாயி. கிணத்தடிச் செ. செல்லாயி. பொட்டுக்காரிச் செ. செல்லாயி. என் குரல் மைக்கில் பெரிதாகக் கேட்டது, தோளில் இவள் மூச்சும் சேர்ந்து கேட்டது. வாசலிலிருந்து டைலர் அக்கா கத்தினாள், "அடியே, நிறுத்தி நிதானமாப் படிடி, எம்பேரு எப்ப வருது?"

"எல்லாம் உங்க பேருதான்க்கா" என்றேன். "ஆனா ஒவ்வொண்ணும் வேற ஆளு."